கேமரா வேலைக்கு வரும் தம்பிக்கு

கராமா, துபாய்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. கருங்கல் கல்யாணத்தில் நீ எடுத்த வீடியோவை முழுசாகப் பார்த்தேன். கொள்ளாம் மக்கா. சர்ச்சுக்குள் ஜன்னல் வெளிச்சம் முதுகுப் பக்கம் அடித்தும் பெண்ணின் முகத்தை இருட்டாக விடவில்லை. அந்தக் கை இருந்தால் இங்கே பிழைக்கலாம். வரவா வேண்டாமா என்று கேட்டிருந்தாய். வா என்றுதான் சொல்வேன். ஆனால் ஒன்று. மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் வீடியோக்காரர் என்றால் ஒரே ஆள் கேமரா பிடிப்பார், லைட் கட்டுவார், டிரோன் விடுவார், ராத்திரி உட்கார்ந்து எடிட்டும் செய்வார். இங்கே ஒவ்வொன்றுக்கும் தனி ஆள். அடுத்தவன் வேலையைக் கெடுக்காமல் தன் வேலையை முடிப்பவனைத்தான் மறுபடி கூப்பிடுவார்கள். படத்தின் அழகு உனக்குத் தானே வரும். எது கெடும், ஏன் கெடும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பெரிய ஹோட்டல் நிகழ்ச்சி, மாநாடு, விளையாட்டு எல்லாம் பல கேமரா லைவ். லென்ஸின் வெளிச்ச வாசலான ஐரிஸ், கலர், கருப்பின் அளவான பிளாக் லெவல் மூன்றும் உன் கையில் இருக்காது. கேமராக்களைத் தூரத்திலிருந்து கட்டுப்படுத்தும் சிசியு பெட்டி முன்னால் இருக்கும் என்ஜினியர் எல்லா கேமராவையும் ஒரே நிறத்தில் வைத்திருப்பார். படம் இருட்டாகத் தெரிகிறதே என்று நீ ஐரிஸைத் திருப்பினால் அவர் வேலை குழம்பும். உனக்கு ஃபிரேம், ஃபோக்கஸ், ஜூம், அவ்வளவுதான். ஹெட்செட்டில் டைரக்டர் கேள்வி கேட்டால் வாயைத் திறக்காதே. ஆமாம் என்றால் கேமராவை மேலும் கீழுமாக லேசாக ஆட்டு, இல்லை என்றால் இடம் வலமாக. அதுவும் உன் படம் திரையில் ஓடுவதைக் காட்டும் டேலி விளக்கு சிவப்பாக இல்லாதபோது மட்டும். டேலி அணைந்த உடனே அடுத்த ஷாட்டுக்குப் பாயாதே. ஒரு படம் கரைந்து அடுத்தது வரும் டிஸால்வ் ஓடிக்கொண்டிருந்தால் உன் படத்தின் மிச்சம் இன்னும் திரையில் இருக்கும். ஒரு மூச்சு விட்டுவிட்டு நகர்.

லைவ் கேமராவில் முதல் வேலை பேக் ஃபோக்கஸ், அதாவது லென்ஸுக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்வது. நம்ம மிரர்லெஸ் கேமராக்களில் இந்த வளையமே கிடையாது, அதனால் ஊரில் இருந்து வரும் பையன்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அறிகுறி இதுதான்: ஜூம் இன் செய்து ஃபோக்கஸ் வைத்தால் பளிச்சென்று இருக்கும், ஜூம் அவுட் செய்தால் படம் மங்கும். லென்ஸைக் கழற்றி மாட்டினாலும் வெயிலில் சூடேறினாலும் இப்படி ஆகும். நட்சத்திரம் போல் கோடுகள் விரியும் ஃபோக்கஸ் சார்ட்டை 3 மீட்டர் தள்ளி வை. ஐரிஸை மேனுவலில் முழுக்கத் திற. வெளிச்சம் அதிகமானால் வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டரான என்டி போடு, ஐரிஸை மூடாதே, மூடினால் ஃபோக்கஸ் ஆழம் கூடி தப்பு கண்ணுக்குத் தெரியாது. ஜூம் இன் முனையான முழு டெலிக்குப் போய் ஃபோக்கஸ் வளையத்தில் கூர்மை பிடி. பிறகு ஜூம் அவுட் முனையான முழு வைடுக்கு வந்து, ஃபோக்கஸ் வளையத்தைத் தொடாமல், கேமராப் பக்கத்தில் உள்ள பேக் ஃபோக்கஸ் வளையத்தின் திருகைத் தளர்த்தி, சார்ட்டின் நடுப்புள்ளி தெளிகிற வரை பையத் திருப்பு. மறுபடி டெலி, மறுபடி வைடு. இரண்டு முனையிலும் தெளிவாக நின்றதும் திருகை இறுக்கு. இறுக்கும்போதே வளையம் நகர்ந்துவிடும், இறுக்கிய பிறகும் ஒரு தடவை பார்.

டிரைபாட் தலையிலும் வரிசை உண்டு. முதலில் டிராக் இரண்டையும், அதாவது இடம் வலமும் மேல் கீழும் திரும்பும்போது உள்ள இறுக்கத்தை, பூஜ்யத்துக்கு இறக்கு. கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தி, நேராக வைத்தால் கையை எடுத்ததும் அப்படியே நிற்கும்படி செய். அப்புறம் கேமராவின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங்கான கவுன்டர்பேலன்ஸ்: 30 டிகிரி கீழே சாய்த்துக் கையை விடு. விழுந்தால் கூட்டு, தானே எழும்பினால் குறை. எல்லாம் முடிந்த பிறகுதான் டிராக். பேலன்ஸ் சரியில்லாததை டிராக்கை இறுக்கி மறைப்பவன் இரண்டு மணி நேரத்தில் தோள் வலித்து உட்கார்ந்துவிடுவான்.

இனி சீதோஷ்ணம். மே முதல் செப்டம்பர் வரை இங்கே வெளியே 45 டிகிரி வரும், கடலோரத்தில் ஈரமும் சேரும். ஹாலுக்குள் ஏசி 20 டிகிரி. குளிர்ந்த லென்ஸை வெளியே எடுத்தால் காற்றின் ஈரம் கண்ணாடியில் படிந்து பால் போல ஆகிவிடும். துடைத்தாலும் அடுத்த நொடி திரும்பப் படியும், ஏனென்றால் கண்ணாடி இன்னும் குளிராகத்தான் இருக்கிறது. சாமானை மூடிய பைக்குள்ளேயே வைத்து, ஷூட்டுக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் முன்னால் ஏசி இல்லாத ஸ்டோர் அறையில் வைத்துவிடு. அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றவே கழற்றாதே. வெளிக் கண்ணாடியில் படிந்தது போய்விடும்; சென்சாரிலும் லென்ஸின் உள்ளேயும் படிந்தால் அன்றைய வேலை போச்சு. பெரும்பாலான கேமராக்களை 40 டிகிரி வரைக்கும்தான் வேலை செய்யும் என்ற கணக்கில்தான் செய்கிறார்கள். அதனால் வெள்ளைக் குடை பிடி, டேக்குக்கு நடுவில் ரெக்கார்டை நிறுத்து. பேட்டரியை மூடிய வண்டிக்குள் விடாதே. வெயிலில் சுட்ட பேட்டரியை உடனே சார்ஜில் போடாதே, ஆறட்டும்.

முட்டம் கடப்புறத்தில் நம்ம தொல்லை உப்பு. இங்கே மாவு மாதிரி மணல். உப்பை ஈரத்துணியால் ஒற்றி எடுப்போம். மணலில் துணியே ஆகாது, லென்ஸில் கோடு விழும். முதலில் காற்றுப் பந்து, பிறகு தூரிகை, கடைசியில்தான் துணி. டிரைபாட் கால்களை மேல்கட்டிலிருந்து நீட்டாதே, கடைசிக் கட்டை முதலில் நீட்டு. பூட்டு மணலுக்குள் புதையாது.

வெளிச்சம் உனக்குப் புதுசாக இருக்கும். ஒரே ஃபிரேமில் ஆண்களின் வெள்ளை அங்கியான கந்தூராவும் பெண்களின் கருப்பு அங்கியான அபாயாவும் நிற்கும். வெள்ளை வெடித்தால் திரும்ப வராது, கருப்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். சோனியின் எஸ்-லாக் 3 என்ற பதிவு முறையில் எடுத்தால் நடுச் சாம்பல் 41 சதவீதம், வெள்ளை 61. ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்கு, கூட்டி எடுத்தால் வெள்ளை 70 பக்கம் போகும், அதில் தப்பில்லை. ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/50, எஃப் 4 என்று நடுப்பகலில் வைக்க 8 ஸ்டாப் என்டி வேண்டும், ஃபில்டரில் 2.4 என்று போட்டிருக்கும். சோனி எஃப்எக்ஸ் 6-க்குள் இருக்கும் என்டி 1/128 வரை, 7 ஸ்டாப், எஃப் 5.6-க்குப் போனால் போதும். எஃப்எக்ஸ் 3-ல் என்டியே கிடையாது. வெளியே மாட்டும் மலிவு என்டியில் இன்னொரு கேடு: அகச்சிவப்பைத் தடுக்காது. கண்ணுக்குக் கருப்பாகத் தெரியும் அபாயா படத்தில் பழுப்பாக வரும், எடிட்டில் அதைத் திருத்தினால் முகத்தின் நிறம் கெடும். ஐஆர் தடுக்கும் என்டி என்று கேட்டு வாங்கு, விலை கூடினாலும் பரவாயில்லை.

மின்சாரம் நம்ம ஊர் போலவே 50 ஹெர்ட்ஸ். 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் அப்படியே வைக்கலாம். பிளக் மட்டும் சதுரக் கால் மூன்று உள்ளது. சவுதிக்கு ஷூட் அனுப்பினால் கவனம், அங்கே 60 ஹெர்ட்ஸ். 25 ஃபிரேமிலேயே எடுத்து ஷட்டரை 1/60 வை, கோணத்தில் சொன்னால் 150 டிகிரி. இல்லாவிட்டால் சில விளக்குகளில் படம் துடிக்கும். மேடையின் பின்னால் உள்ள எல்ஈடி திரையில் கோடு ஓடினால் ஷட்டரை நுணுக்கமாக நகர்த்தும் ஈசிஎஸ் வசதியைத் திறந்து, கோடு நிற்கும் வரை பைய மாற்று. திரையில் கட்டம் கட்டமாக அலை தெரிந்தால் ஃபோக்கஸை மேடையில் நிற்பவர் மேல் வை, திரை லேசாக மங்கட்டும்.

இதைத் தனியாக எழுதி வைத்துக்கொள். கேமராவின் பேட்டரியிலிருந்தே மானிட்டருக்கும் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டருக்கும் டி-டாப் முனை வழியாக பவர் எடுத்தால், மாட்டும்போது முதலில் பவர், பிறகு படம் போகும் எஸ்டிஐ கேபிள். கழற்றும்போது முதலில் எஸ்டிஐ, பிறகு பவர். மாறிப் போனால் பவர் கம்பியில் போகவேண்டிய மின்னோட்டம் எஸ்டிஐயின் உறை வழியாகப் பாய்ந்து போர்ட் எரியும். கேமரா ஓடும், படம் மட்டும் வெளியே வராது.

கார்டுக் கணக்கு: 4கே, 50 ஃபிரேம், ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகப் பதியும் ஆல்-இன்ட்ரா என்றால் விநாடிக்கு 500 மெகாபிட், நிமிடத்துக்கு 3.75 ஜிபி. 160 ஜிபி கார்டு 40 நிமிடம் சொச்சம் நிற்கும். நிறைந்த கார்டில் சிவப்பு டேப் ஒட்டிக் கொடு. இரண்டு இடத்தில் காப்பி ஆயிற்று என்று டேட்டா பார்ப்பவர் சொல்லாமல் ஃபார்மட் செய்யாதே.

சட்டம். பொது இடத்தில் கம்பெனி வேலையாக எடுக்க துபாய் அரசின் ஃபிலிம் கமிஷனின் அனுமதி வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கேரளத் தொல்லியல் துறையிடம் போகிற மாதிரி இதற்கும் முன்கூட்டியே போக வேண்டும். புரொடக்‌ஷன்காரர் எடுப்பார், நகலை உன் போனில் வாங்கி வை. சம்மதம் இல்லாமல் தனியாட்களைப் படம் எடுப்பது இங்கே குற்றம். ஓய்வில் கடற்கரைக்குப் போனாலும் குடும்பங்கள் பக்கம் கேமராவைத் திருப்பாதே. அரபுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் பெண் ஆபரேட்டர்கள்தான் எடுப்பார்கள். தக்கலையில் உன்னோடு எடிட்டிங் படிக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல், அவர்களுக்கு நல்ல வாய்ப்பு. டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வா. பதிவும் அனுமதியும் இல்லாமல் பறக்கவிட வழியில்லை.

விசிட் விசாவில் வந்து வேலை செய்யலாம் என்று எவன் சொன்னாலும் கேட்காதே, அது சட்டவிரோதம். விசாவுக்கும் ஆள் எடுப்பதற்கும் ஆகும் செலவு கம்பெனியுடையது. அதை உன்னிடமோ சம்பளத்திலோ பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஒப்பந்தத்தில் வேலைப் பெயர், அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம் மூன்றையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்ற விதியும் உண்டு. ரெசிடென்ஸ் விசா ஆனதும் நம்ம ஊர் லைசென்ஸ் வைத்து வண்டி ஓட்ட முடியாது. இங்கே தேறி லைசென்ஸ் எடுத்த ஆபரேட்டருக்கு வேலை சீக்கிரம் கிடைக்கும், காசைச் சேர்த்து முதலில் அதை எடு.

தங்குவதற்கு பெட் ஸ்பேஸ், அதாவது பலர் சேர்ந்து இருக்கும் அறையில் ஒரு கட்டில், கிடைக்கும், சாப்பாட்டுக்கும் சாயாவுக்கும் கராமாவில் நம்ம கடைகள் ஒருபாடு இருக்கிறது. அம்மாவிடம் சொல், கவலை வேண்டாம்.

பேட்டரி கொண்டுவந்தால் 100 வாட்-அவருக்கு உட்பட்டது மட்டும். முனையில் டேப் ஒட்டிக் கைப்பையில் வை, செக்-இன் பெட்டியில் வைக்காதே. கருப்பு மூடிய ஷூ, கருப்புச் சட்டை இரண்டு, சின்ன டார்ச், அலன் கீ செட், காற்றுப் பந்து, இவ்வளவு போதும். உன் வேலையைக் காட்டும் மாதிரி வீடியோவான ஷோரீல் 90 விநாடிக்கு மேல் வேண்டாம். டிரோன் ஷாட்டையும் ஸ்லோமோஷனையும் குறைத்து, வெட்டாமல் ஓடும் ஒரு நீண்ட ஷாட்டைக் கட்டாயம் வை. கை நிற்கிறதா என்று அதில்தான் பார்ப்பார்கள். வெள்ளிக்குள் அனுப்பினால் சனி ஞாயிறு உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்