குச்சி எங்கடா?

தண்டையார்பேட்டை
ஞாயிறு மத்தியானம்

டேய் மச்சான்,

நீ அனுப்பிய, நாமே கட்டிப் பறக்கவிடுகிற பொம்மை ராக்கெட் பெட்டி ஏழு மாதம் பீரோ மேலேயே கிடந்தது என்றால் திட்டுவாய். திட்டிக்கொள். இப்போது கட்டி முடித்துவிட்டேன். அக்கா பெண் மேல்படிப்புக்கு அடுத்த மாதம் டென்வர் வருகிறாள் அல்லவா, அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். கொடுத்ததைத் திருப்பி அனுப்புகிறானே என்று கோபப்படாதே. இங்கே இதைப் பறக்கவிட வழியில்லை. உங்கள் ஊரில் பொம்மைக் கடையிலேயே இதை மேலே தள்ளுகிற மோட்டார் தொங்குகிறது என்கிறாய். உள்ளே இருப்பது கருமருந்து. இங்கே போய்க் கேட்டால் லைசென்ஸ் எங்கே என்பார்கள். விமானத்திலும் ஏற்றமாட்டார்கள். அதனால் கட்டியது என் பாடு, கொளுத்துவது உன் பாடு.

படத்தில் இருப்பது மாதிரி இருக்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன். பால்சா மரத் துடுப்பு நாலையும் பலகையிலிருந்து பதமாகப் பெயர்த்தெடுக்கச் சொல்லியிருந்தது. நம் கைதான் தெரியுமே. அப்பளம் மாதிரி அழுத்தினேன், இரண்டு நார்வாக்கில் பிளந்துபோனது. அப்புறம்தான் ஒரு திமிர் வந்தது: ஒட்டுப்போடுவானேன், நாலையும் நாமே செய்துவிடலாமே! பெரியவள் கல்யாணத்துக்கு ஆண்டர்சன் தெருவில் அடித்த பத்திரிகை நூறுக்கு மேல் மிச்சம் கிடந்தது. மூன்று மூன்றாக ஃபெவிகால் தடவி, ராத்திரி முழுக்க அம்மிக்கல்லுக்கு அடியில் வைத்து, காலையில் சுறாத் துடுப்பு மாதிரி பின்னால் வளைத்து வெட்டினேன். காசிமேட்டில் வலை பின்னுகிறவர் ஒருவர் பார்த்துவிட்டு, "இன்னாபா, சுறாவுக்கு முதுகுல இருக்கறத நீ வால்ல வெச்சிருக்கே?" என்றார். ஒரு துடுப்பில் தங்க அச்சுப் பிள்ளையார் அப்படியே வெளியே தெரிகிறார். அவர்மேல் மட்டும் பெயின்ட் அடிக்க மனம் வரவில்லை. மற்ற இடமெல்லாம் படகுக்கு அடித்து மிஞ்சிய பச்சை எனாமல். பக்கவாட்டில் நம் பழைய வீட்டுக் கதவு எண், 17.

இதிலெல்லாம் எடை ஏறும் என்று அப்போது உறைக்கவில்லை. பத்திரிகை அட்டை பால்சாவைவிடப் பல மடங்கு கனம், அதுவும் போய் உட்கார்ந்தது வால் பக்கம். மோட்டாரும் வால் பக்கம்தான். அது இல்லாமல் நிறுத்திப் பார்த்துப் பிரயோசனமில்லை என்று ஒரு பொய் மோட்டார் செய்தேன். 18 மில்லிமீட்டர் தடிமன், 70 மில்லிமீட்டர் நீளம், 24 கிராம். காகிதத்தைச் சுருட்டி, உள்ளே வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு. கிராம் துல்லியமாக வேண்டுமே, அடகுக்கடைக்குப் போனேன். சேட்டு தராசில் வைத்துவிட்டு, "தங்கமா, வெள்ளியா?" என்றார். ராக்கெட் என்றேன். "அதுக்குப் பணம் தர மாட்டேன்" என்றார், சிரிக்காமல்.

பொய் மோட்டாரை மாட்டி, மாடியில் வைத்து, ராக்கெட் சமமாக நிற்கிற இடத்தில் நூலைக் கட்டித் தலைக்கு மேல் சுற்றினேன். மூக்கு காற்றை நோக்கி முன்னால் போக வேண்டும். போனது வால். இரண்டு சுற்றில் பம்பரம் மாதிரி தறிகெட்டுச் சுழன்று தண்ணித் தொட்டியில் மோதியது. பிள்ளையாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்போதுதான் அந்தத் தீபாவளி ஞாபகம் வந்தது. குச்சி நீளமாக இருப்பதால்தான் ராக்கெட் உயரம் போகவில்லை என்று நீ பாதியாக ஒடித்தாய். (நான் இல்லை, நீதான். நாற்பது வருஷமாக என் பெயரில் ஓடுகிறது.) பாட்டிலை விட்டு ஒரு ஆள் உயரம் ஏறி, திரும்பி, நேராக உங்கம்மா உலர்த்திய வடகத் துணிக்குள் போய்ப் புகுந்ததே! அன்றைக்கு ஏன் என்று நாம் யோசிக்கவில்லை, ஓடத்தான் நேரமிருந்தது. விஷயம் இவ்வளவுதான்: காற்று பக்கவாட்டில் தள்ளுகிற தள்ளெல்லாம் ஓரிடத்தில் வந்து சேரும். எடை நிற்கிற இடம் அதற்கு மேலே, குறைந்தது குழாயின் ஒரு குறுக்களவாவது மேலே, இருக்க வேண்டும். காற்றின் பிடியை வாலுக்கு இழுத்து வைப்பதுதான் குச்சியின் வேலை. அந்த வேலையைத்தான் இங்கே துடுப்பு பார்க்கிறது. ஜேம்ஸ் பாரோமன் என்கிற நாசா பொறியாளர் 1960களிலேயே இதற்குக் கணக்கு எழுதிவைத்திருக்கிறார். எனக்கு ஐ.டி.ஐ. கணக்கோடு சரி. காத்தாடிக்கு சூத்திரம் கட்டிய கைக்கு ஒரு நூல் போதாதா?

மூக்கில் ஈயம் வைக்கலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். மூக்கு, உடம்பு, துடுப்பு மூன்றிலும் உலோகம் கூடாது என்று உன் பெட்டிக் காகிதத்திலேயே போட்டிருக்கிறது. பேரனின் களிமண்ணைத் திருடி உருட்டி அடைத்தேன். கொஞ்சம் அடைக்க, சுற்ற, இன்னும் கொஞ்சம் அடைக்க, சுற்ற. ஐந்தாம் தடவை மூக்கு முன்னால் வந்தது. கை வலித்தும் நிறுத்த மனமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்கு உங்கம்மா மாடிக்கு வந்தார்கள். முட்டிவலி இருக்கிறது, ஆனால் மாடி ஏறுவதை விடுவதில்லை. 2023 ஜூலை 14, சந்திரயான்-3 போனபோதும் மத்தியான வெயிலில் எங்களோடு நின்று வடக்கே பார்த்தவர்கள்தானே. நான் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "குச்சி எங்கடா? இதுலயும் ஒடிச்சிட்டியா?" என்றார்கள். நீதான் ஒடித்தாய் என்று சொன்னேன். நம்பவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். முதல் தடவை சி6 மோட்டார் போடாதே, பி6-4 போடு. எழுத்து ஒன்று கூடினால் மொத்த உந்துவிசை இரண்டு மடங்கு, தொலைத்துவிடுவாய். கடைசியில் வருகிற 4, எரிந்து முடிந்து பாராசூட் வெளியே வர எத்தனை வினாடி என்பது. என் ராக்கெட் பெட்டியில் போட்டிருப்பதைவிடக் கனம், மேலே ரொம்ப நேரம் நிற்காது, அதனால் 4-ஐவிடப் பெரிய எண் வேண்டாம். தீப்பிடிக்காத பஞ்சுக் காகிதத்தை மறக்காமல் வை, இல்லையென்றால் வெளியே தள்ளுகிற மருந்தின் சூட்டில் பாராசூட் உருகிவிடும். காற்றடிக்கிற நாளில் விடாதே. உங்கள் ஊர் குளிரில் பாராசூட் பிளாஸ்டிக் விறைத்து ஒட்டிக்கொள்ளுமாம், மடிப்பதற்கு முன் பவுடர் தூவ வேண்டும். அதற்குத்தான் பெட்டியில் குட்டிக்யூரா டப்பா ஒன்று வைத்திருக்கிறேன். தங்கச்சி எடுத்துப் பூசிக்கொள்ளப் போகிறது, சொல்லிவை.

விடும்போது வீடியோ எடு. உங்கம்மாவுக்குக் காட்ட வேண்டும்.

உன்
தோஸ்த்து