அரபு நாட்டில் படிக்கப் போகும் மலையகப் பிள்ளைகளுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரம் முடித்து அரபு நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் சறுக்குவது பெயரில்தான். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் மட்டும் இருக்கும். பெறுபேற்றில் முதலெழுத்தோடு, கடவுச்சீட்டில் தகப்பன் பெயரோடு. எழுத்துக்கூட்டலும் மாறினால் வேறோர் ஆள் என்று விண்ணப்பம் திரும்பிவிடும். கடவுச்சீட்டு எடுக்கும் முன்பே பிரதேச செயலகத்தில் திருத்துங்கள். அது நாளெடுக்கும் வேலை.

அடுத்தது, சான்றிதழ் உண்மையானது என்று உறுதிப்படுத்தும் முத்திரைகளை வாங்கும் வரிசை: பரீட்சைத் திணைக்களம், வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவு, கடைசியில் அந்நாட்டுத் தூதரகம். கொன்சியூலர் அலுவலகம் கண்டியிலும் உண்டு. மூலச் சான்றிதழைத் தயவுசெய்து லெமினேட் செய்யாதீர்கள்! பிளாஸ்டிக்கில் முத்திரை மை பிடிக்காது. உரித்தால் தாளே கிழியும்.

சவூதியின் மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படிக்கலாம், ஆனால் பட்டமேற்படிப்பு மட்டுமே.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
ஹட்டன்