டோக்கன் வீட்டுக்கு வந்துச்சே, பிரஷர் மாத்திரை ஏன் வரல?

தமிழ்நாடு சுகாதாரத்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

கொரோனாவே போயாச்சு இப்ப எதுக்கு இந்த கதைன்னு நினைப்பீங்க, ஆனா எங்க அம்மாவுக்கு அது இன்னும் போகல, ஊரடங்குக்கு முன்னாடி தினம் ஒரு பிரஷர் மாத்திரை, இப்ப மூணு.

அம்மா உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமத்துல தனியா இருக்காங்க. ஆரம்ப சுகாதார நிலையம் 9 கிலோமீட்டர். மாசாமாசம் பஸ்ல போயி பிரஷர் பார்த்து, நோட்டுல எழுதிக்கிட்டு அம்லோடிபின்ங்கிற பிரஷர் மாத்திரை வாங்கிட்டு வருவாங்க. 2020 மார்ச் 24 சாயங்காலம் 6 மணியோட பஸ் நின்னுச்சு. ஏப்ரல்ல பக்கத்து வீட்டு தம்பி பைக்ல கூட்டிட்டு போனான், நர்சம்மா ரெண்டு மாசத்துக்கு சேர்த்தே குடுத்தாங்க, நல்லா இருக்கணும் அவங்க. அது தீரப்போற நேரத்துல கொஞ்ச நாள் பஸ் ஓடுச்சு, அந்த கூட்டத்துல ஏற அம்மாவுக்கு பயம், ஜூலைல மறுபடி நிறுத்திட்டு செப்டம்பர் 1ந்தேதி தான் விட்டாங்க. நான் மதுரை டவுன்ல, ஜூன் 24ல இருந்து அங்க முழு ஊரடங்கு வேற.

போன்ல கேட்டா "மாத்திரை இருக்குப்பா"ன்னு சொல்லிட்டாங்க. ஆகஸ்ட்ல போய் பார்த்தா விபூதி டப்பாவுக்குள்ள பாதி பாதியா வெட்டின மாத்திரைங்க, கத்தரிக்கோலால வெட்டிருக்காங்க, ஓரமெல்லாம் உதிர்ந்து மாவாகி விபூதியோட கலந்து கெடக்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரை மாத்திரை! காய்கறி கிடைக்காத நாளெல்லாம் ஊறுகா, கருவாடு, வத்தல். பக்கத்து வீட்டு மெஷின்ல பார்த்தா 190க்கு 110. தலை கிறுகிறுன்னு இருந்ததுக்கு வெயில்னு நினைச்சிருக்காங்க. ஆஸ்பத்திரிக்கு ஏன் போகலன்னா, காய்ச்சல்னு சொல்லி வீட்டு வாசல்ல தகரம் அடிச்சிருவாங்களாம். இது போதாதுன்னு பிரஷர் மாத்திரை சாப்பிட்டா கொரோனா ஒட்டிக்கும்னு ஒரு வாட்ஸ்அப் வேற. எனலாபிரில், லோசார்டன் மாதிரி மாத்திரைங்கள பத்தி கிளம்பின சந்தேகம் அது, நிறுத்தாதீங்கன்னு டாக்டர் சங்கங்கள் அந்த மார்ச்லயே சொல்லியாச்சு, ஆனா வதந்தி வந்த வேகத்துல மறுப்பு எங்க ஊருக்கு வரவே இல்ல.

எங்க வீட்டு கதை மட்டும்னா எழுதிருக்க மாட்டேன். அமெரிக்கால கிட்டத்தட்ட 5 லட்சம் பேரோட ரீடிங்க வச்சு பண்ண ஆய்வு 2021 டிசம்பர்ல சர்க்குலேஷன்ங்கிற மருத்துவ ஜர்னல்ல வந்துச்சு. முந்தின வருஷத்தோட ஒப்பிட்டா 2020 ஏப்ரல்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மேல் பிரஷர் சராசரியா 1.1ல இருந்து 2.5 வரை கூடிருக்கு, பொம்பளைங்களுக்கு இன்னும் கூட. எடை கூடினது காரணமில்லன்னும் பார்த்திருக்காங்க. ரெண்டு பாயின்ட் தானேன்னு தோணும், ஒரு ஆளுக்கு அது ஒண்ணுமில்ல, ஊருக்கே ரெண்டு பாயின்ட் ஏறினா பக்கவாதமும் ஹார்ட் அட்டாக்கும் எத்தனை கூடும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா.

கேள்வி இதுதான். 2020 ஏப்ரல்ல 1000 ரூபாய்க்கும் ரேஷனுக்கும் டோக்கன வீட்டுக்கு வீடு கொண்டு வந்து குடுத்தீங்க, எங்க அம்மா கையிலயும் குடுத்தீங்க. அந்த கையிலயே ஒரு அட்டை மாத்திரைய குடுத்திருக்க முடியாதா? 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சீங்க, இப்ப ஒரு அக்கா வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை குடுக்குறாங்க, அருமையான வேலை. ஆனா அடுத்து ஒரு ஊரடங்கு வந்தா அந்த அக்கா வருவாங்களா? பால், காய்கறி, மருந்துக்கடைக்கு விலக்குன்னு போடுற அரசாணைல அவங்க பேரையும் சேர்த்து இப்பவே எழுதி வைங்க, ரேஷன் கடைல ஒரு பிரஷர் மெஷினும் வைங்க, அங்க எப்படியும் எல்லாரும் வரத்தான் செய்வாங்க.

அம்மா இன்னமும் நம்பல. மாசம் ரெண்டு மூணு மாத்திரைய முழுங்காம மிச்சம் பிடிச்சு அரிசி டின்னுக்கு பின்னாடி சேர்த்து வைக்கிறாங்க, "திரும்ப அடைச்சிட்டாங்கன்னா?"ங்கிறாங்க. போன வாரம் எடுத்து பார்த்தேன், பாதி எக்ஸ்பயரி.

இப்படிக்கு,
மதுரைல இருந்து ஒரு மகன்