கடிகாரம் கேட்ட மகனுக்கு

தக்கலை,
ஞாயிறு சாயங்காலம்

மக்களே,

நீ அனுப்பிய மூன்று செஸ் கடிகாரப் படங்களையும் பார்த்தேன். குரல் பதிவாகவே பதில் சொல்லியிருப்பேன், ஆனால் ஒரு நிமிஷம் தாண்டினால் நீ கேட்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதான் உட்கார்ந்து எழுதுகிறேன். மத்தியானத்திலிருந்து மழை, கரண்டும் இல்லை.

எது நல்ல கடிகாரம் என்று கேட்கிறாய். ஆடுகிறவன் எப்படிப்பட்டவன் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. நல்லவேளை, உன் அறைக்காரர்களைப் பற்றி நீ வெள்ளிக்கிழமைதோறும் சொல்லும் கதை எனக்கு மனப்பாடம்.

அந்தத் திருவனந்தபுரத்துப் பையனை எடுத்துக்கொள். காயை வைத்த வேகத்தில் கடிகாரத்தை அடிப்பான் என்கிறாய். அவனோடு ஆட லிவர் வைத்ததுதான் சரி. சீசா பலகை மாதிரி ஒரு பக்கம் அமுங்கினால் மறுபக்கம் எழும். யாருடைய நேரம் ஓடுகிறது என்று கட்டிலில் படுத்திருப்பவனுக்கும் தெரியும். நீ அனுப்பிய இரண்டாவது படத்தில் இருப்பது தனித்தனிப் பொத்தான் வைத்த விலை குறைந்த ரகம். அவசரத்தில் பாதி அமுக்கினால் சில நேரம் மாறாது, அப்புறம் "நான் அமுக்கினேன்", "நீ அமுக்கவில்லை" என்று சண்டைதான். காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தை அமுக்கவேண்டும் என்பது உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி. அவனிடம் சொல்லி வை, வலது கையில் குதிரை, இடது கை கடிகாரத்தின் மேல் தயாராக என்று உட்காருகிற ஆள் போலிருக்கிறது.

சிவகாசிக்காரர் வேறு மாதிரி. டீ ஆறுகிற வரை ஒரு நகர்த்தலுக்கு யோசிப்பார் என்றாயே, அவருக்கு 90 நிமிடமும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 வினாடி கூடுகிற மாதிரியும் வை. அறுபது நகர்த்தலுக்குக் கணக்குப் போட்டால் ஆளுக்கு இரண்டு மணி நேரம் வரும். லீவு நாளில் மட்டும் ஆடுங்கள். 30 வினாடி கூடுகிற ஆட்டத்தில் கடைசி வரை நகர்த்தல்களைத் தாளில் எழுதவேண்டும், நேரம் குறைந்துவிட்டது என்று நிறுத்த முடியாது.

இந்த வினாடி கூட்டுகிற ஏற்பாடு அமெரிக்காவின் முன்னாள் உலகச் சாம்பியன் பாபி ஃபிஷர் கொண்டுவந்தது. 1988-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1992-இல் தன் பழைய எதிராளி ஸ்பாஸ்கியோடு மறுபடி மோதியபோது அந்தக் கடிகாரத்தை வைத்துத்தான் ஆடினார். நீ சின்னவனாக இருந்தபோது எங்கள் பள்ளியில் சாவி கொடுக்கிற கடிகாரம் இரண்டு இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பெரிய முள் பன்னிரண்டை நெருங்கும்போது சிவப்புக் கொடியை மெல்லத் தூக்கும். நீ ஆட்டத்தைப் பார்க்கமாட்டாய், நேரம் முடிந்து அந்தக் கொடி எப்போது விழும் என்று தாடையை மேசையில் வைத்துக்கொண்டு நிற்பாய்.

இனி முக்கியமான விஷயம். நீ வாங்குகிற கடிகாரத்தில் இன்கிரிமென்ட், அதாவது நான் சொன்ன வினாடி கூட்டுகிற ஏற்பாடு இருக்கிறதா, இல்லை வினாடி கூட்டாமல் கொஞ்சம் காத்திருக்கிற டிலே மட்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. இரண்டும் ஒன்று என்று கடைக்காரன் சொல்வான். ஒன்று இல்லை என்பதை நான் ஒரு பிள்ளையை அழவைத்துத் தெரிந்துகொண்டேன்.

ஏழெட்டு வருஷம் இருக்கும். நாகர்கோவிலில் ஒரு பள்ளிப் போட்டிக்கு நான் நடுவர். 25 நிமிடம், நகர்த்தலுக்கு 10 வினாடி கூடும் என்று மைக்கில் சொன்னதும் நான்தான், மேசை மேசையாகப் போய்க் கடிகாரங்களைச் சரிசெய்ததும் நான்தான். குளச்சல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்குட்டி, பத்து வயசுதான். யானை ஒன்று கூடுதல், ஜெயிக்கிற ஆட்டம். கையில் நாற்பது வினாடி. அதன்பிறகு இருபது நகர்த்தலை இரண்டிரண்டு வினாடியில் டக் டக் என்று வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் எட்டு வினாடி மிச்சம், அவள் கணக்கில் மூன்று நிமிடத்துக்கு மேல் சேர்ந்திருக்கவேண்டும். தைரியமாக ஒரு நகர்த்தலுக்கு யோசிக்க உட்கார்ந்தாள். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. நேரம் முடிந்துவிட்டது.

"டீச்சர், எனக்குக் கூடவே இல்லையே" என்றாள். கவனிக்காமல் ஆடியிருப்பாய் என்று சொல்லி இருவரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன். சாயங்காலம் கடிகாரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கும்போதுதான் பார்த்தேன், அந்த ஒன்றை மட்டும் டிலேயில் வைத்திருக்கிறேன். டிலேயில் பத்து வினாடிக்குள் வைத்தால் நேரம் குறையாது, அவ்வளவுதான். எவ்வளவு வேகமாக ஆடினாலும் ஒரு வினாடிகூடச் சேராது. வெளியே ஓடிப் பார்த்தேன், அவர்கள் பஸ் போய்விட்டது. இப்போதும் ஆட்டம் தொடங்குமுன் ஒரு கடிகாரத்தை இரண்டு தடவை அமுக்கி எண் கூடுகிறதா என்று பார்க்காமல் என்னால் நகர முடியாது. நீயும் அப்படியே செய்.

உனக்கு? பத்தாவது நகர்த்தலில் இருபது நிமிஷம் யோசித்து, முப்பதாவதில் காயைத் தட்டிவிட்டுத் தேடுகிறவன் நீ. உனக்கு 15 நிமிடமும் 10 வினாடியும் போதும், உலக ரேபிட் போட்டியே அதில்தான் நடக்கிறது. திருவனந்தபுரத்தானோடு மட்டும் 3 நிமிடம், 2 வினாடி.

மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்று வாங்குவதென்றால் டிஜிடி கம்பெனியின் 2010 மாடலைப் பார். லிவர் உண்டு, இன்கிரிமென்ட், டிலே இரண்டும் வைக்கலாம், அடியில் எந்த எண்ணுக்கு எந்த நேரம் என்று அட்டவணை ஒட்டியிருக்கும். அதே கம்பெனியின் 3000 என்ற மாடலுக்கு ஆசைப்படாதே. மின்னணுப் பலகையோடு இணைத்து ஆட்டத்தை நேரலையாகக் காட்டுகிறவர்களுக்குத்தான் அது, நீங்கள் பிரியாணிச் சட்டியைத் தள்ளிவைத்துவிட்டு ஆடுகிறவர்கள். கையில் காசு குறைவென்றால் அவர்களுடைய ஈஸி பிளஸ். 'பிளஸ்' இருக்கிறதா என்று பெட்டியைப் பார். அது இல்லாத வெறும் ஈஸி நேரத்தை இறக்கும், கூட்டாது.

ஒரு மாசம் ஆடவில்லையென்றால் கடிகாரத்தின் பேட்டரி செல்லைக் கழற்றி வை. நூலகத்துப் பிள்ளைகளுக்கு நான் வைத்திருந்த நாலு கடிகாரத்தில் ஒன்று போன வாரம் போய்விட்டது. திறந்தால் செல் கசிந்து ஸ்பிரிங் முழுக்கப் பச்சைப் பூப்பு. எலுமிச்சைச் சாற்றில் பஞ்சை நனைத்துத் தேய்த்துப் பார்த்தேன், ஸ்பிரிங் கையோடு வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது பெட்டியில் இடமிருந்தால் நூலகத்துக்கும் ஒன்று கொண்டு வா. காசு நான் தருகிறேன்.

அப்பாவுக்கு முட்டுவலி தேவலை. வீட்டுக்குப் பின்னால் மட்டி வாழைக்குலை விளைந்து நிற்கிறது, நீ வருவதற்குள் பழுத்துவிடும்.

அம்மா