மேசையில் இடம் பெறாதவர்களின் கடன்

ஜெலுத்தோங், பினாங்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய ஆய்வேட்டின் முதல் இயலை நிதானமாக வாசித்தேன். முதல் உலகப் போர் முடிந்து 1919இல் வெர்சாய் உடன்படிக்கையில் ஜெர்மனியைக் கசக்கிப் பிழிந்ததால் இன்னொரு போர் மூண்டது என்றும், இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானிடம் 1951இல் சான் பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கையில் பெருந்தன்மை காட்டியதால் அமைதி நிலைத்தது என்றும் எழுதியிருக்கிறாய். இதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது.

வெர்சாயின் குறை பணத்தைவிட அவமானத்தில் இருந்தது என்பதே என் எண்ணம். ஜெர்மானியப் பேராளர்களைப் பேச்சுவார்த்தைக்கே அழைக்காமல், மே 7ஆம் நாள் எழுதி முடித்த வரைவை அவர்கள் கையில் கொடுத்து, மறுப்பிருந்தால் எழுத்தில் தெரிவிக்கலாம் என்றார்கள். 1871இல் ஜெர்மன் பேரரசு பிரகடனம் செய்யப்பட்ட அதே கண்ணாடி மண்டபத்தில் ஜூன் 28 அன்று கையொப்பம் வாங்கினார்கள். 1921இல் குறிக்கப்பட்ட இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க் என்று எழுதிவிட்டு நீ நிறுத்திக்கொள்கிறாய். அதில் 8,200 கோடி, வசூலாகும் என்று எவரும் நம்பாத கடன் பத்திரங்களாக ஒதுக்கி வைக்கப்பட்டது என்பதையும், வென்ற நாடுகளின் மக்களைச் சமாதானப்படுத்தவே அந்தப் பெரிய எண் அறிவிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்.

இனி சான் பிரான்சிஸ்கோ. அங்கே காட்டப்பட்ட பெருந்தன்மை யாருடைய கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது என்று நீ கேட்கவே இல்லை. உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு, ஜப்பான் இழப்பீடு தர வேண்டும் என்று ஒப்புக்கொண்டு, முழுவதையும் தர அதனிடம் போதிய வளமில்லை என்றும் சொல்லி, அந்த உடன்படிக்கையில் விலக்களிக்கப்பட்டவை தவிர மற்ற உரிமைகோரல்களை நேச நாடுகள் கைவிடுவதாக முடிகிறது. பிலிப்பைன்ஸ் சுதந்திர நாடாக இருந்ததால், தனியே பேசி 1956இல் 55 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொள்ள முடிந்தது. மலாயாவோ குடியேற்ற நாடு; நம் சார்பில் கையொப்பமிட்டது பிரிட்டன். நம் மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போர்க்காலத்தில் ஜப்பானியப் படை சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட மரண ரயில் பாதைக்கு, ரப்பர் தோட்டத் தமிழர்களை லயம் லயமாக (குடியிருப்பு வரிசை வரிசையாக) ஏற்றிச் சென்ற கதை உனக்குத் தெரியும். சுங்கை பட்டாணிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து போன உன் பெரிய தாத்தா திரும்பவே இல்லை. சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதையில் போர்க்கைதிகளில் ஏறத்தாழ 12,000 பேர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பன்மடங்கு மாண்டார்கள், அவர்களுக்குச் சரியான பதிவேடுகூட இல்லை. உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியே இழப்பீட்டுக்கு வகை செய்தது, ஆனால் நேச நாடுகளின் படைவீரர்களாக இருந்து கைதியானவர்களுக்கு மட்டும். அதே மண்ணைச் சுமந்து, அதே வாந்திபேதியில் செத்த பால்மரத் தொழிலாளி அந்தப் பிரிவுக்குள் வரவில்லை. இதை எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

பிறகு, ஜப்பானிய ஆட்சியில் கொல்லப்பட்டவர்களுக்கு இழப்பீடு கேட்டு, அதை ‘ரத்தக் கடன்’ என்று சொல்லிச் சீன வர்த்தகச் சங்கங்கள் முன்னின்று போராடியதன் பேரில், 1967 செப்டம்பர் 21ஆம் நாள் மலேசியாவும் ஜப்பானும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இரண்டரைக் கோடி மலேசிய வெள்ளி மதிப்பில் சரக்குக் கப்பல்களைத் தருவதாக ஜப்பான் ஒப்புக்கொள்ள, போர்க்காலத் துயரங்கள் தொடர்பான எல்லாப் பிரச்சினைகளும் முழுமையாக, இறுதியாகத் தீர்ந்தன என்று நம் அரசு ஏற்றுக்கொண்டது. நாட்டுக்குக் கப்பல்கள் வந்தன. சயாமில் கணவனை இழந்து, தோட்டத்தில் பால் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்த பெண்களின் கைக்கு அதில் ஒரு காசும் வந்து சேரவில்லை.

ஜப்பானை 1919 போல நடத்தியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த நாடு மீண்டெழுந்தது நல்லது. அதனால் நம் பகுதிக்கும் வாழ்வு வந்தது. ஆனால் விட்டுக்கொடுத்தவன் ஒருவன், இழந்தவன் வேறொருவன் என்னும்போது அதைப் பெருந்தன்மை என்று எழுத உனக்குக் கை வரக் கூடாது அம்மா. இரண்டாம் இயலில் 14, 16ஆம் பிரிவுகளை அருகருகே வைத்து, 1967 ஒப்பந்தத்தின் வாசகத்தையும் சேர்த்து எழுதி அனுப்பு. ஒரு வரி விடாமல் படித்துக் குறிப்பெழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா