மாங்குளத்தில் என் லப்டொப்பைக் காப்பாற்றிய அண்ணாவுக்கு

போன கிழமை முல்லைத்தீவிலிருந்து கிளிநொச்சி அறிவியல் நகர் கம்பசுக்குத் திரும்பும் வழியில், ஏ9 வீதியால் போகும் பஸ் பிடிக்க மாங்குளத்தில் இறங்கினேன், பிடித்ததே ஒரு மழை (கார்த்திகை மழையைப் பற்றி வன்னி ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை), பையோடு லப்டொப்பும் நனைந்துவிட்டது. இறுதியாண்டுப் புரொஜெக்ட் முழுக்க அதற்குள்தான். கிட்ஹப்பில் (கோட் சேமித்து வைக்கும் இணையத்தளம்) கடைசியாக ஏற்றி மூன்று கிழமை, ஏசாதீர்கள்.

பதற்றத்தில் ஓன் பண்ணப் போனேன். பக்கத்தில் நின்ற அண்ணா ஒருவர், "தம்பி, ஓன் பண்ணிப்போடாதை, போர்ட் ஷோர்ட்டாகிப் போயிடும்" என்று கையைப் பிடித்துவிட்டார். ஃபோன் திருத்துகிறவராம். தேத்தண்ணிக் கடை மேசையிலேயே பின்மூடியைக் கழற்றி, முதலில் பற்றரி வயரைப் பிடுங்கினார், அப்புறம் பழைய பல் பிரஷ்ஷை ஐசோபுரோபைல் அல்ககோலில் தொட்டு போர்டை மெல்ல மெல்லத் தேய்த்தார். தண்ணீர் காய்ந்தாலும் அதிலுள்ள உப்பு தங்கி அரிக்குமாம். அரிசிக்குள் போடலாமா என்று கேட்டேன். சிரித்தார்.

இரண்டு நாள் காயவிட்டு ஓன் பண்ணினேன், உபுண்டு (லப்டொப்பின் இயங்குதளம்) வந்தது. எண்டர் விசை மட்டும் இன்னும் மக்கர்.

காசு வாங்கவில்லை, பிளேன்டீக்கு மட்டும் சம்மதித்தார். பெயர் கேட்கமுதல் பஸ் வந்துவிட்டது. அண்ணா, பெரிய நன்றி, கோட் எல்லாம் பத்திரமாக இருக்கு.