நேரத்தைக் கேள், வசந்தி

மயூர் விகார், தில்லி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. மகளுக்குக் கோவையில் வேலை அமைந்ததும், நீ துறைத்தலைவர் பொறுப்பிலிருந்து ஒருவழியாக விடுபட்டதும் அறிந்து மகிழ்ந்தேன். இரண்டாவது செய்தியே எனக்குப் பெரிதாகப் பட்டது. ஏனென்றால் அந்தப் பொறுப்பு உன் தலையில் விழுந்த நாள் முதல் உன் கடிதங்களில் உன் ஆய்வுப் பொருளான குஜிலிப் பதிப்புகளை, அதாவது அந்தக் காலத்து மலிவுவிலைப் பாட்டுப் புத்தகங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எங்கே விண்ணப்பித்தால் பெரிய தொகை கிடைக்கும் என்று கேட்டிருக்கிறாய். உன் ஆய்வுக்குப் பெரிய தொகை தேவையில்லை என்பதே என் எண்ணம். சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்தில் சில வாரங்கள் உட்காரவும், லண்டனிலிருந்து படிகள் வரவழைக்கவும் ஆகும் செலவை உன் சம்பளத்திலேயே சமாளித்துவிடலாம். உன்னிடம் இல்லாதது நேரம். வாரம் 14 மணி நேர வகுப்பும், விடைத்தாள் கட்டுகளும், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகைக்கான கோப்புகளும் போக மிஞ்சும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நூலை எழுதிவிட முடியாது. ஆகவே எந்த அறிவிப்பைப் பார்த்தாலும், இது எனக்குப் பணம் தருகிறதா, நேரம் தருகிறதா என்று முதலில் பார். இரண்டும் ஒன்றல்ல, சில நேரம் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும்.

நம்மைப் போன்ற இலக்கியத் துறையினருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சமூக அறிவியலுக்கு 1969இல் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். என்ற ஆய்வு மன்றம் வந்தது, வரலாற்றுக்கு 1972இல் ஐ.சி.எச்.ஆர். வந்தது, தத்துவத்துக்கு 1977இல் ஐ.சி.பி.ஆர். வந்தது. இலக்கிய ஆய்வுக்கென்று அப்படி ஒரு மன்றம் இன்றுவரை இல்லை. சாகித்திய அகாதெமியின் வேலை முக்கியமாக விருதும் பதிப்பும் மொழிபெயர்ப்பும். எனவே நாம் எப்போதும் அடுத்த வீட்டுத் திண்ணையில் இடம் கேட்பவர்களாகவே இருக்கிறோம். உன் பொருள் அந்த வகையில் கொடுத்துவைத்தது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தையும், புதிதாக வந்த ரயிலையும், கொலை வழக்குகளையும் சில காசு விலையுள்ள பாட்டுப் புத்தகங்கள் எப்படிச் சந்தைக்குக் கொண்டுவந்தன என்பது வரலாற்றுக் கேள்வியும்தான். ஐ.சி.எச்.ஆருக்கு எழுதுவதாக இருந்தால் அதை அச்சு வரலாறாக எழுது. சந்த அமைப்பை ஆராயும் இயலை நூலுக்கு வைத்துக்கொள். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஐ.சி.எஸ்.எஸ்.ஆருக்காக இதையே வினாத்தாளும் மாதிரிக் கணக்கெடுப்புமாக மாற்றச் சொல்லும் ஆலோசனையை ஏற்காதே. அப்படி உருமாறிப் போன ஆய்வு திரும்பித் தன் உருவத்துக்கு வந்ததை நான் பார்த்ததில்லை.

ஆய்வுத் திட்டம், அதாவது ப்ராஜெக்ட், என்பதைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். பணம் தவணையாக வரும். உதவியாளரை நியமிக்க விளம்பரம், நேர்காணல், குழு, பொருள் வாங்க விலைப்புள்ளிகள், ஒவ்வொரு தவணைக்கும் கணக்கு, முடிவில் அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ். செலவாகாத பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும். பொதுப்பணம் என்பதால் இவை எல்லாம் வேண்டியவைதாம். ஆனால் உன் கல்லூரி அலுவலகத்தில் இதைப் பார்க்க ஒரு தனி ஆள் இல்லையென்றால், அந்த ஆள் நீயாகத்தான் இருப்பாய். கள ஆய்வுக்கு நான்கைந்து பேர் தேவைப்படும் சமூகவியலாளருக்கு இது தவிர்க்க முடியாதது. தனியாக உட்கார்ந்து படிப்பவளுக்கு எதற்கு?

எதற்கு என்றால், பதவி உயர்வுக்கான மதிப்பெண்ணுக்கு என்று உன் முதல்வர் சொல்வார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யு.ஜி.சி.யின், 2018 விதிமுறை அட்டவணையில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டத்தை முடித்தால் 10 புள்ளி, அதற்குக் குறைந்த தொகையென்றால் 5 புள்ளி. என்ன கண்டுபிடித்தாய் என்பதை விட்டுவிட்டு எவ்வளவு செலவழித்தாய் என்று அளக்கும் இந்த முறை இயற்பியலுக்கும் தமிழுக்கும் ஒன்றே. ஆனால் அதே அட்டவணையில் தேசிய அளவிலான பதிப்பகம் வெளியிடும் ஒரு நூலுக்கும் 10 புள்ளி உண்டு என்பதை அவரிடம் நினைவூட்டு.

இனி நேரம் தருபவை. முதலில் ஷிம்லா. வைஸ்ராய்களின் கோடை மாளிகையாக 1888இல் கட்டி முடிக்கப்பட்ட கட்டடத்தில், 1965இல் ராதாகிருஷ்ணன் தொடங்கிவைத்த உயராய்வு நிறுவனம் அது. இரண்டு ஆண்டுகள் வரை அங்கேயே தங்கி, முடிவில் ஒரு நூலின் கைப்பிரதியைக் கொடுக்க வேண்டிய ஃபெலோஷிப் ஒன்று உண்டு. மாமியாரை நீ எழுதியிருக்கும் நிலையில் விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகள் உன்னால் போக முடியாது என்று எனக்குத் தெரியும். (இந்த அறிவிப்புகளை எழுதுபவர்கள் வீட்டில் வேறொருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆய்வாளரைத்தான் எப்போதும் மனத்தில் வைத்திருக்கிறார்கள்.) உனக்குப் பொருந்துவது அங்குள்ள இன்னொரு ஏற்பாடு: பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்களுக்கான அசோசியேட் திட்டம். ஆண்டுக்கு ஒரு மாதமாக மூன்று ஆண்டுகள் போய்த் தங்கலாம். நானும் அப்படித்தான் போனேன். அறையும் சாப்பாடும் நூலகமும் தந்து, ஓர் உரை நிகழ்த்தச் சொல்லிவிட்டு, மற்றபடி யாரும் நம்மைத் தேடாத ஒரு மாதம் எவ்வளவு பெரியது என்பது போனால்தான் புரியும். இது யு.ஜி.சி. பணத்தில் நடப்பது, நின்றுவிடும் என்ற பேச்சும் அவ்வப்போது எழுவது. ஆகவே இந்த ஆண்டு அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு எழுது.

கலாச்சார அமைச்சகத்தின் தாகூர் தேசிய நல்கை தொகையிலும் பெரியது, மாதம் 80,000 ரூபாய். ஆனால் அமைச்சகப் பட்டியலில் உள்ள ஓர் ஆவணக்காப்பகத்தையோ அருங்காட்சியகத்தையோ சார்ந்து, அங்குள்ள சேகரிப்பைக் கொண்டு வேலை செய்ய வேண்டும். உன் குஜிலிப் பாட்டுகள் அந்த இடங்களில் எத்தனை இருக்கும் என்பது எனக்கு ஐயமே.

வெளிநாடு என்றால் அமெரிக்கா செல்வதற்கான ஃபுல்பிரைட்–நேரு நல்கை. 1950இல் நேரு கையெழுத்திட்ட உடன்பாட்டில் தொடங்கியது. அதில் உன்னைப் போன்ற ஆசிரியர்களுக்கான பிரிவில் நான்கு முதல் ஒன்பது மாதம் வரை அங்கே ஆராயலாம், கற்பிக்கலாம். அமெரிக்காவில் குஜிலியா என்று சிரிக்காதே. ரோஜா முத்தையா மறைந்தபின் அவருடைய சேகரிப்பைச் சிதறாமல் காத்ததே சிகாகோ பல்கலைக்கழகம்தான். தவிர, கோதுமைக்கு நாம் கொடுத்த ரூபாயைக் கொண்டு பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தின்கீழ் 1962 முதல் வாங்கிய தமிழ் நூல்கள் அங்குள்ள பல நூலகங்களில் இருக்கின்றன. அழைப்புக் கடிதத்துக்கு அங்குள்ள தமிழ்ப் பேராசிரியருக்கு இப்போதே எழுதத் தொடங்கு. சார்லஸ் வாலஸ் அறக்கட்டளையின் உதவி லண்டனுக்குப் போக உகந்தது. இந்தியாவில் பொருளீட்டி 1916இல் இறந்த ஒரு வணிகரின் சொத்து, 1981இல்தான் அறக்கட்டளையானது. ஆனால் அது இளையவர்களுக்கானது. நம் வயதுக்கு அங்கே இடமில்லை. உன் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணிடம் சொல். 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி பதிவான நூல்களில் ஒரு பகுதி கப்பலேறிப் போய் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அவள் போனால் உனக்கும் பட்டியல் கிடைக்கும்.

பெங்களூரில் உள்ள இந்தியக் கலை அறக்கட்டளையையும், அதாவது ஐ.எஃப்.ஏ.வையும், பார். தொகை சிறியது. ஆனால் விண்ணப்பத்தை எந்த இந்திய மொழியிலும் எழுதலாம் என்கிறார்கள். ஆங்கிலத்தில் உன் சிந்தனை பாதியாகச் சுருங்குவதை நான் அறிவேன். தமிழில் எழுதினால் தேர்வுக் குழு உண்மையான வசந்தியைப் பார்க்கும்.

விண்ணப்பம் எழுதுவதைப் பற்றி இரண்டு வார்த்தை. சில தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். நம் ஊரிலிருந்து வருபவற்றில் பெரும்பாலானவை தமிழின் தொன்மையில் தொடங்கி, மூன்றாம் பக்கத்தில்தான் கேள்விக்கு வருகின்றன. அதற்குள் படிப்பவர் அடுத்த கோப்பை எடுத்துவிடுகிறார். நீ எத்தனை பாட்டுப் புத்தகங்களைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறாய், அவை எங்கே இருக்கின்றன, அவற்றைப் படித்தபோது எது உனக்குப் புரியவில்லை என்பதை முதல் பத்தியிலேயே சொல். ‘விளக்கமுறை ஆய்வு’ என்ற சொற்றொடரை எழுதாதே; அதற்குப் பொருள் கிடையாது. செலவுப் பட்டியலில் மடிக்கணினி கேட்காதே.

விடுப்பை மட்டும் கடைசிக்குத் தள்ளாதே. இணைப் பேராசிரியராக ஏழு ஆண்டுகள் முடித்தவருக்கு ஓராண்டு ஆய்வு விடுப்பு தர யு.ஜி.சி. விதியில் இடமுண்டு; உன் கல்லூரி நிர்வாகமும் கல்லூரிக் கல்வி இயக்ககமும் அதை எப்படி நடைமுறைப்படுத்துகின்றன என்று அலுவலகத்தில் எழுத்தில் கேள். தடையின்மைச் சான்றுக்கும் இன்றே மனுக் கொடு. நல்கை கிடைத்தும் கையெழுத்துக்குக் காத்திருந்து தவறவிட்ட இரண்டு பேரை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஷிம்லாவுக்கான வரைவைத் தமிழிலேயே எழுதி தீபாவளிக்குள் அனுப்பு. ஆங்கிலப்படுத்துவதை நான் பார்த்துக்கொள்கிறேன். கூடவே, பஞ்சக் கும்மிகளில் நீ படியெடுத்து வைத்திருப்பவற்றின் பட்டியலையும் அனுப்பு. பரிந்துரைக் கடிதம் எழுத எனக்கு அது வேண்டும்.

அன்புடன்,
மீனாட்சி